செஞ்சிப் பாறைகள்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் ஏறக்குறைய 28 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது செஞ்சி. விழுப்புரம் மாவட்டத்துப் பேரூராட்சிகளுள் ஒன்று. தாலுகாவின் தலைமை ஊர். சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குச் சந்தையும் அதுதான். நெல்லும் மல்லாட்டை எனப்படும் நிலக்கடலையும் விளையும் பூமி. அறுவடை நாட்களில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் முன்னால் மூட்டை ஏற்றிய வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். பௌர்ணமியில் திருவண்ணாமலைக்கும் அமாவாசையில் மேல்மலையனூருக்கும் போகிற கூட்டம் இந்த ஊரின் பேருந்து நிலையத்தை நிறைத்துவிட்டுக் கலையும். மற்ற நாட்களில் உரக்கடைக்கும் வங்கிக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் வந்துபோகிறவர்களின் ஊராக அது இருக்கிறது. ரயில் கிடையாது. திண்டிவனத்தையும் திருவண்ணாமலையையும் செஞ்சி வழியாக இணைக்கும் பாதை அறிவிக்கப்பட்டு ஆண்டுகள் பல கடந்தும் தண்டவாளம் வந்து சேரவில்லை.

ஊருக்குள் நுழையும் முன்பே பாறைகள் தொடங்கிவிடுகின்றன. மண்ணும் மரமும் மூடிய மலைகளாக இவை இல்லை. உருண்டும் பிளந்தும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியும் கிடக்கும் பெரும் கருங்கற்களின் குவியல்கள். நிலத்தின் அடியில் இறுகிய பாறை, வெடிப்புகளின் வழியே இறங்கிய நீராலும் வெயிலாலும் மூலைகள் தேய்ந்து, மேல்மண் அரித்துப்போன பின் வெளிப்பட்டுக் குன்றாக நிற்கிறது. உழவுக்கு உதவாத நிலம். ஆனால் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாக இந்தக் கல்லிடம் ஒவ்வொரு காலத்தாரும் ஒன்றைக் கேட்டு வந்திருக்கிறார்கள். உயிர்விட ஓர் இடம் கேட்டார் ஒரு துறவி. அழியாத கோயில் கேட்டான் ஒரு பல்லவன். எதிரி ஏற முடியாத உயரம் கேட்டார்கள் பின்வந்த அரசர்கள். இன்று ஜல்லி கேட்கிறார்கள். செஞ்சிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ராஜகிரிக் கோட்டையில் ஏறி இறங்கி, இளநீர் குடித்துவிட்டுத் திருவண்ணாமலைக்கு வண்டி ஏறிவிடுகிறார்கள். கோட்டை அத்தகைய கவர்ச்சி உடையதுதான். ஆயினும் இப்பகுதியின் வரலாறு கோட்டைக்கு எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. அதை வரிசையாகப் பார்க்க விரும்புகிறவர் கோட்டைக்கு வடக்கே போய்த்தான் தொடங்க வேண்டும்.

செஞ்சிக்கு வடக்கே, சிங்கவரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது திருநாதர்குன்று. உயரம் அதிகமில்லை, சற்று மூச்சு வாங்கினால் உச்சிக்குப் போய்விடலாம். அங்கே ஒரு பெரும் பாறையின் முகத்தில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களும் பன்னிரண்டு பன்னிரண்டாக இரு வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். எல்லோரும் ஒரே அமர்வில், ஒரே அமைதியில். வரிசையின் ஒழுங்கு கண்ணில் படிந்த பிறகுதான், ஒவ்வொரு முகமும் தனித்தனிக் கையால் பொறுமையாகச் செதுக்கப்பட்டது என்பது புலப்படும். தமிழகச் சமணச் சிற்பங்களில் இவ்வளவு நிறைவாக வெளிவந்த தொகுதிகள் மிகக் குறைவு.

சிற்பங்களுக்கும் பல நூற்றாண்டுகள் மூத்தது அக்குன்றிலுள்ள கல்வெட்டு. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட இடம் அது என்று சில சொற்களில் சொல்லி முடித்துவிடுகிறது. கி.பி. 5, 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் இந்த எழுத்து, தமிழி என்னும் பழைய எழுத்து வட்டெழுத்தாக மாறிக்கொண்டிருந்த காலத்தின் சாட்சி. ‘ஐ’ என்னும் உயிரெழுத்து காணக்கிடைக்கும் மிகத் தொன்மையான கல்வெட்டுகளுள் ஒன்றாக எழுத்தியல் அறிஞர்கள் இதைப் போற்றுகிறார்கள். இளையபடாரர் என்ற இன்னொருவர் முப்பது நாள் நோன்பிருந்து மறைந்ததையும் அதே குன்றின் வேறொரு கல்வெட்டு பதிந்து வைத்திருக்கிறது. அரசன் பெயர் இல்லை, போர் இல்லை, நிலக்கொடை இல்லை. நோன்பின் நாட்கணக்கு மட்டும் இருக்கிறது. தமிழ்க் கல்வெட்டுகளில் பெரும்பகுதி கொடுத்தவர்களின் பெயரைச் சொல்பவை. எல்லாவற்றையும் விட்டவர்களின் பெயரைச் சொல்லும் இவ்விரு வரிகள் அதனாலேயே அரியவை. செஞ்சியில் ஒரே ஓர் இடத்தைத்தான் பார்க்க நேரம் உண்டு என்றால், கோட்டையை விட்டுவிட்டு இக்குன்றுக்குப் போவது தவறாகாது.

பல்லவர்கள் இதே பாறையில் வேறு வகையான வேலையைத் தொடங்கினார்கள். சிங்கவரத்தில் குன்றைக் குடைந்து அரங்கநாதருக்குக் கோயில் எழுப்பியிருக்கிறார்கள். பள்ளிகொண்ட பெருமாள் ஏறத்தாழ 24 அடி நீளத்தில், தனியே கொண்டுவந்து வைக்கப்பட்ட சிலையாக அல்லாமல், அந்த மலையின் கல்லாகவே கிடக்கிறார். பாறையிலேயே எருமைத் தலைமேல் நிற்கும் கொற்றவையின் புடைப்புச் சிற்பமும் உண்டு. சின்னஞ்சிறு வடிவம்தான், ஆனால் மாமல்லபுரத்தில் காணும் அதே துணிவும் நளினமும் இங்கேயும் இருக்கின்றன. அருகிலுள்ள மேலச்சேரியில் சிவனுக்குக் குடையப்பட்ட ஒரு சிறு குடைவரை இருக்கிறது. அதன் லிங்கமும் தாய்ப்பாறையிலிருந்தே செதுக்கப்பட்டது. மேலச்சேரியைப் ‘பழைய செஞ்சி’ என்று சொல்லும் வழக்கமும் இப்பகுதியில் உண்டு.

குடைவரைகளின் தொடக்கத்தைக் காண விழுப்புரம் பக்கமாகச் சுமார் இருபது கிலோமீட்டர் போக வேண்டும். மண்டகப்பட்டில் வயல்வெளிக்கு நடுவே தாழ்வான ஒரு பாறை. அதன் முகப்பில் இரண்டு தடித்த தூண்கள், உள்ளே மூன்று வெற்றறைகள், வெளிப்புறத்தில் கதைமேல் சாய்ந்து நிற்கும் இரு வாயிற்காவலர்கள். 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் எடுப்பித்த கோயில் இது. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் இதைச் செய்வித்ததாக அவனுடைய வடமொழிக் கல்வெட்டு அறிவிக்கிறது. அந்த அறிவிப்பில் ஒரு சிற்பியின் பெருமிதமும் ஒரு கவலையும் சேர்ந்தே தொனிக்கின்றன. அதுவரை தமிழகத்துக் கோயில்கள் செங்கல்லாலும் மரத்தாலும் ஆனவை. மழைக்கும் கரையானுக்கும் தீக்கும் இரையாகிக்கொண்டிருந்தவை. அழியாத ஒன்றைச் செய்ய முடியுமா என்ற கேள்விக்கு மகேந்திரன் தேடிய விடை இந்தப் பாறையில் கிடைத்தது. மாமல்லபுரமும் காஞ்சியும் அந்த விடையிலிருந்து கிளைத்தவை. உள்ளறைகளில் தெய்வத் திருவுருவங்கள் இப்போது இல்லை. பார்த்துமுடிக்கக் கால்மணி நேரம் போதும். ஆனால் தமிழ்க் கட்டடக்கலை கல்லுக்கு மாறிய திருப்புமுனை எங்கே நிகழ்ந்தது என்று கேட்பவருக்குக் காட்டக்கூடிய இடங்களில் இதற்கே முதன்மை உண்டு.

தளவானூரில் அதே மகேந்திரனின் சத்துருமல்லேசுவரம் இருக்கிறது. இங்கே தூண்களுக்கு மேல் மகர தோரணம் வளைந்து ஓடுகிறது. மண்டகப்பட்டின் வெறுமையிலிருந்து கை சற்றே பழகி அலங்காரத்துக்கு நகர்ந்திருப்பதை இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பவர் உணரலாம்.

பனமலை இவற்றிலிருந்து மாறுபட்டது. நூறாண்டுகளுக்குப் பின் பல்லவன் இராஜசிம்மன் காலத்தில், குடைவதை விட்டுக் கல்லை அடுக்கிக் கட்டும் கலை வளர்ந்துவிட்டது. ஏரியை ஒட்டிய குன்றின் மேல் அவன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயிலின் பக்கச் சிற்றாலயம் ஒன்றின் சுவரில், சிவனின் ஆட்டத்தைப் பார்த்து நிற்கும் உமையின் ஓவியம் மிஞ்சியிருக்கிறது. ஒரு காலை மடித்துச் சுவரில் ஊன்றி, குடை நிழலில், தலையைச் சற்றே சாய்த்து நிற்கிறாள். ஆடுகிறவரின் உருவம் பெரும்பாலும் அழிந்துபோயிற்று. பார்க்கிறவளின் முகம் தங்கிவிட்டது. ஏறத்தாழப் பதின்மூன்று நூற்றாண்டு வெப்பத்தையும் ஈரத்தையும் தாண்டி அந்தக் கோடுகள் நிற்பது ஆச்சரியம். காஞ்சிக் கைலாசநாதரைப் பார்த்தவர்கள் அதே மன்னனின் கைவண்ணத்தை இங்கே கூட்டமும் இரைச்சலும் இல்லாமல் நின்று பார்க்கலாம். பல்லவ ஓவியம் என்று தமிழகத்தில் எஞ்சியிருப்பது மிகச் சில சதுர அடிகளே என்பதை நினைத்தால் பனமலையின் மதிப்பு விளங்கும்.

இனிக் கோட்டை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் ஒரு முக்கோணத்தின் முனைகளாக வைத்து, அவற்றை இணைத்து ஓடுகிறது மதில். சுற்றளவு ஏறக்குறைய 13 கிலோமீட்டர். சில இடங்களில் மதிலின் கனம் 60 அடி, அதற்கு வெளியே 80 அடி அகல அகழி. குன்றுகள் ஏற்கெனவே கோட்டையாக நின்றன. மனிதர்கள் செய்தது இடைவெளிகளை அடைத்ததுதான். பாறைக்கும் பாறைக்கும் நடுவே மதில் எங்கே முடிகிறது, இயற்கை எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாத இடங்கள் ராஜகிரியில் பல உண்டு.

முதலில் கோட்டை கட்டியவர்கள் ஆயர் குலத்தினர் என்கிறது மரபு. ஆடு மேய்க்கப் போன இடத்தில் ஆனந்தக்கோனுக்குப் புதையல் கிடைத்தது, அவர் ராஜகிரியிலும் அவருக்குப் பின் கிருஷ்ணக்கோன் வடக்கு மலையிலும் அரண் எழுப்பினார்கள் என்பது கதை. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி மெக்கன்சி தொகுத்த சுவடிகளின் வழியே வந்த செய்தி இது. காலத்தை 1200ஐ ஒட்டி வைக்கிறார்கள். புதையலை நம்பாதவரும், இந்தக் குன்றுகளின் ஒவ்வொரு இடுக்கையும் ஊற்றையும் முதலில் அறிந்திருக்கக்கூடியவர்கள் மேய்ச்சல்காரர்களே என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு விஜயநகர ஆட்சியும் அதன் கீழ் செஞ்சி நாயக்கர்களும் வந்தார்கள். தஞ்சை, மதுரை நாயக்கர்களுக்கு இணையாக ஒரு காலத்தில் பேசப்பட்டவர்கள் இவர்கள். இன்று காணும் கட்டடங்களில் பெரும்பகுதி இவர்கள் காலத்தது.

அடிவாரத்துக் கட்டடங்களில் முதலில் கண்ணைக் கவர்வது கல்யாண மகால். சதுர முற்றம், நான்கு பக்கமும் வரிசையான அறைகள், நடுவில் கூர்நுனிக் கூரையோடு மாடிமேல் மாடியாக உயரும் கோபுரம். ஒவ்வொரு மாடியிலும் ஒரே ஓர் அறை, சுற்றிலும் காற்று வரும் வளைவுகள். சுடுமண் குழாய்கள் வழியாக இங்கே தண்ணீர் வந்திருக்கிறது. பக்கத்தில் உடற்பயிற்சிக் கூடம், யானைக்குளம், பீரங்கிக் குண்டுக்கும் அசையாத வளைகூரை கொண்ட பெரும் தானியக் களஞ்சியங்கள். கிருஷ்ணகிரியின் மேல் எண்ணெய்க்கும் நெய்க்கும் தனித்தனியே கட்டிய கிணறுகள் இருக்கின்றன. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் கோட்டையின் உண்மையான பலம் எதில் இருந்தது என்பது தெரியும். மதில் எதிரியைத் தள்ளி நிறுத்தும். ஆனால் மாதக்கணக்கில் உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்றியவை குளமும் களஞ்சியமும் நெய்க்கிணறும்தான். சுற்றுலா வழிகாட்டிகள் பீரங்கியைக் காட்டும் அளவுக்குக் களஞ்சியத்தைக் காட்டுவதில்லை. கோட்டையைக் கட்டியவர்கள் நேர்மாறான வரிசையில்தான் யோசித்திருப்பார்கள்.

ராஜகிரி ஏறக்குறைய 800 அடி உயரம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். வழியில் வாயில்கள், ஒன்றைக் கடந்தால் இன்னொன்று. இடையில் கமலக்கன்னி அம்மன் கோயில். கோட்டையில் அரசர்கள் இல்லாமல்போய் இரு நூற்றாண்டுகள் கடந்தும், சித்திரையில் இந்த அம்மனுக்குச் சுற்றுக் கிராமத்தார் விழா எடுக்கிறார்கள். உச்சிக்குச் சற்றுக் கீழே மலை பிளந்து நிற்கிறது. சுமார் 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் கொண்ட அந்தப் பிளவின் மேல் ஒரு பாலம். அதை எடுத்துவிட்டால் மேலே போக வேறு வழியில்லை. மேலே அரங்கநாதர் கோயிலும் கொடிமேடையும் மணிக்கூண்டும் பாழடைந்த களஞ்சியங்களும் இருக்கின்றன. நாலா திசையிலும் ஏரிகளும் வயல்களும், தொலைவில் திருவண்ணாமலையின் முகடும் தெரியும். ஏற ஒன்றரை மணி நேரமாவது ஆகும். கருங்கல் காலை பத்து மணிக்கே சுடத் தொடங்கிவிடுவதால் மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் ஏறுவதே நல்லது. பிற்பகல் பாதிக்கு மேல் ஏற விடுவதில்லை. குரங்குகள் அதிகம், கையில் தின்பண்டம் தெரிய ஏறுவது தொல்லை.

கீழே புதுச்சேரி வாயிலுக்கு அருகில் இருக்கும் வேங்கடரமணர் கோயில் கோட்டைக்குள் மிகப் பெரியது. 16ஆம் நூற்றாண்டில் முத்தியாலு நாயக்கர் கட்டியது. கோபுர வாயிலின் சுவர்களில் இராமாயணமும் பாற்கடல் கடைந்த கதையும் அவதாரங்களும் கல்லில் ஓடுகின்றன. மண்டபங்களில் வெறுமை தென்படுவதற்குக் காரணம் உண்டு. இங்கிருந்த ஒற்றைக்கல் தூண்களைப் பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்துக்கொண்டு போனார்கள். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் தூண்கள் செஞ்சியிலிருந்து போனவை. கடற்காற்றில் மாலை உலாவும் பல்லாயிரம் பேர் அவற்றைப் பார்க்கிறார்கள். செஞ்சி என்ற பெயர் அவர்களுள் எத்தனை பேருக்கு நினைவுக்கு வரும்? தூண்களை இழந்த மண்டபத்தைப் பார்த்துவிட்டு அவற்றைக் கடற்கரையில் பார்ப்பவருக்கு வேறு மாதிரியான வருத்தம் ஒன்று ஏற்படும்.

கோட்டை கைமாறிய கதை நீளமானது. 1648-49இல் நாயக்கர்களிடமிருந்து பீஜப்பூர் சுல்தானின் படை அதைப் பறித்தது. 1677இல் சிவாஜி கைப்பற்றி, மதில்களைத் திருத்திப் பலப்படுத்தினார். அந்தத் தொலைநோக்கின் பயன் அவர் இறந்த பிறகு தெரிந்தது. 1689இல் சம்பாஜி கொல்லப்பட்டு, மராட்டியத் தலைநகர் ராய்கட் முகலாயர் வசமானபோது, சிவாஜியின் இளைய மகன் ராஜாராம் தப்பி வந்து சேர்ந்த இடம் செஞ்சி. மராட்டிய அரசு சில ஆண்டுகள் இங்கிருந்துதான் நடந்தது. ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் 1690இல் முற்றுகையைத் தொடங்கினார். அது 1698 வரை இழுத்தது. மராட்டியத் தளபதிகள் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் வெளியிலிருந்து முகலாயரின் தானிய வழிகளை வெட்டிக்கொண்டே இருந்தார்கள். ஒரு கட்டத்தில் முற்றுகையிட்டவர்களே முற்றுகைக்குள் இருந்தார்கள். கோட்டை விழுந்தபோது ராஜாராம் உள்ளே இல்லை; முன்பே தப்பிப் போய்விட்டிருந்தார். உழவர்களின் பார்வையில் இந்த எட்டு ஆண்டுகள் எப்படி இருந்திருக்கும் என்பது பற்றி வரலாற்று நூல்கள் அதிகம் பேசுவதில்லை. இரண்டு பெரும் படைகளும் அவற்றின் குதிரைகளும் எருதுகளும் தின்றது இந்த வயல்களின் விளைச்சலைத்தான்.

பிறகு 1750இல் புஸ்ஸியின் தலைமையில் பிரெஞ்சுக்காரர்கள் ஒரே இரவில் கோட்டையைப் பிடித்தார்கள். 1761இல், புதுச்சேரி விழுந்த சில மாதங்களில், ஆங்கிலேயர் வசமானது. 1780இல் ஹைதர் அலியின் படை வந்து போனது. அதன் பின் போர் முறையே மாறிவிட்டதால் செஞ்சிக்கு வேலை இல்லாமல் போயிற்று. காய்ச்சலுக்குப் பேர்போன இடம் என்பதால் ஐரோப்பியச் சிப்பாய்கள் இங்கே காவலிருக்க அஞ்சினார்கள் என்பதும் ஒரு காரணம். 1921இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. சி.எஸ். சீனிவாசாச்சாரியார் 1943இல் செஞ்சியின் வரலாற்றைத் தனி நூலாக எழுதினார். பின்வந்த எல்லோரும் அதிலிருந்து எடுத்துக்கொண்டவர்களே.

இத்தனை ஆட்சிகளுள் மக்கள் நினைவில் நிற்பது எது? நூறாண்டுக்கு மேல் ஆண்ட நாயக்கர்களின் பெயர்கள் ஊரில் யாருக்கும் வாயில் வராது. எட்டாண்டு தாக்குப்பிடித்த ராஜாராமும் அப்படியே. ஆனால் ஓராண்டுகூட முழுதாக ஆளாத தேசிங்கு ராஜன் பெயரைச் சொல்லாமல் செஞ்சி பற்றி எந்தப் பேச்சும் முடியாது. முகலாயரின் கீழ் இக்கோட்டையின் பொறுப்பில் இருந்த புந்தேல ராஜபுத்திரர் சொரூப்சிங் 1714இல் இறந்தார். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் கேட்ட கப்பத்தைக் கட்ட மறுத்தான் அவருடைய இளம் மகன் தேஜ்சிங், அதாவது தேசிங்கு. அதே ஆண்டு அக்டோபரில் பெரும்படைக்கு எதிராகச் சிறு கூட்டத்தோடு போய்ப் போரிட்டு மடிந்தான். அப்போது வயது இருபத்திரண்டு என்கிறார்கள். உற்ற நண்பன் மகபத்கானும் அந்தப் போரில் இறந்தான். தேசிங்கின் இளம் மனைவி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாகவே நவாப் ராணிப்பேட்டைக்குப் பெயரிட்டார் என்பது வழக்கு. கோட்டைக்குள் உள்ள செட்டிக்குளக் கரையில் தேசிங்கு எரியூட்டப்பட்ட இடம் என்று ஒரு மேடையைக் காட்டுகிறார்கள். வெற்றி பெற்றவரின் நினைவாக 1717-18இல் எழுந்த சாதத்துல்லா கான் பள்ளிவாசலும் கோட்டைக்குள் அழகாக நிற்கிறது.

தமிழ் பேசாத குடும்பத்தில் பிறந்த, வடக்கிலிருந்து வந்த ஓர் இளைஞனைத் தமிழ்க் கதைப்பாடல் தன் பிள்ளையாக எடுத்துக்கொண்டது. அடங்காத குதிரையை அடக்கியது, மணக்கோலத்திலிருந்த நண்பன் அழைப்பு வந்ததும் போருக்குப் புறப்பட்டது, சிங்கவரத்துப் பெருமாளிடம் விடைகேட்டபோது சம்மதமில்லாத பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டது எனக் கதை வளர்ந்தது. அரங்கநாதரின் தலை ஒருபுறம் திரும்பியிருப்பதை இன்றும் அதற்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். தெருவோரச் சிறுபிரசுரங்களாகவும் கூத்தாகவும் ஊர் ஊராகப் போன இக்கதை, 1960இல் எம்.ஜி.ஆர். நடித்த படமாகவும் வந்தது. இராஜதந்திரத்தின் கணக்கில் தேசிங்கு செய்தது விவேகமற்ற செயல். மக்கள் அந்தக் கணக்கைப் பார்க்கவில்லை. தோற்பது தெரிந்தும் பணியாதவன் ஒருவன், மதம் வேறானாலும் அவனோடு சாகத் துணிந்த நண்பன் ஒருவன் என்ற இரண்டையும் அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். இந்து இளைஞனும் முசுலிம் இளைஞனும் உயிர்த்தோழர்களாக இருப்பதை வியப்பாகவோ பாடமாகவோ ஆக்காமல், இயல்பான ஒன்றாகச் சொல்லிப் போகிறது அந்தக் கதை. செஞ்சி தமிழ்நாட்டுக்குக் கொடுத்தவற்றுள் கோட்டையைவிட இது சிறியதல்ல.

இதைவிடவும் ஆழமான ஒரு நினைவு மேலச்சேரியில் இருக்கிறது. வட தமிழகம் முழுக்கப் பரவியிருக்கும் திரௌபதி அம்மன் வழிபாட்டுக்கு மேலச்சேரிக் கோயிலே ஆதி என்பது நம்பிக்கை. செஞ்சி மன்னன் ஒருவனின் துயர் தீர்க்கப் பாஞ்சாலி இரண்டாம் முறை தீயில் தோன்றி இங்கே வந்தாள் என்கிறது கதை. ஆல்ஃப் ஹில்டபைட்டல் என்ற அமெரிக்க அறிஞர் இவ்வழிபாட்டை ஆராய்ந்து 1988இல் வெளியிட்ட நூலின் முதல் தொகுதி செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரத்துக்குப் போகும் பயணமாகவே அமைந்தது. சித்திரை தொடங்கி ஆடி வரை இவ்வட்டாரத்துக் கிராமங்களில் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் தெருக்கூத்தும் நடக்கும். விழாவின் முடிவில் மண்ணால் கிடத்திய துரியோதனனின் பேருருவத்தின் மேல் படுகளம், மாலையில் தீமிதி. கோட்டையை ஆண்டவர்கள் மாறிக்கொண்டே இருந்த காலமெல்லாம் இந்த ஊர்கள் தம்முடைய அரசியாக ஒருத்தியை வைத்துக்கொண்டிருந்தன என்று சொல்லலாம். கோடையில் செஞ்சிக்கு வருபவர் மலையேறுவதைத் தள்ளிவைத்துவிட்டு ஓர் இரவு கூத்தின் முன் உட்கார்ந்தால், இப்பகுதியைப் பற்றி அதிகம் அறிந்துகொண்டு போவார்.

மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு விளக்கம் தேவையில்லை. புற்றாக எழுந்தவள், சிவனின் கையில் ஒட்டிய பிரமகபாலத்தை நீக்கியவள். அமாவாசை இரவு ஊஞ்சல் உற்சவத்துக்கும் மாசி மயானக்கொள்ளைக்கும் கூடும் கூட்டத்தில் கால் ஊன்ற இடம் இருக்காது. அமைதியை விரும்புகிறவர் அமாவாசை அல்லாத நாளில் போகலாம். ஆனால் அம்மனின் உண்மையான வடிவம் அந்தக் கூட்டத்தில்தான் தெரியும்.

கிழக்கே திண்டிவனம் பக்கமாக இருக்கும் மேல்சித்தாமூர் வேறு ஓர் உலகம். தமிழ்ச் சமணர்களின் மடம் இங்கே இருக்கிறது. பார்சுவநாதர் கோயில் பெரியது, கோபுரமும் தேரும் உடையது. அதைவிடப் பழையது மலைநாதர் கோயில். ஒரு பாறையின் மேல் பாகுபலியும் பார்சுவநாதரும் மகாவீரரும் இயக்கியும் செதுக்கப்பட்டிருக்க, அந்தப் பாறையைச் சுற்றிக் கோயிலை எழுப்பியிருக்கிறார்கள். சமணம் என்றால் தமிழ்நாட்டில் குகைக் கல்வெட்டும் தலையற்ற சிலையும் ஞாபகம் வருவது வழக்கமாகிவிட்டது. செஞ்சி, வந்தவாசி, திண்டிவனம் வட்டாரங்களில் அது இறந்தகாலம் அல்ல. நயினார் என்ற பட்டப்பெயரோடு, தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு, இதே மண்ணில் உழுது பயிரிட்டு, பொழுது சாயும் முன் உண்டு வாழும் குடும்பங்கள் இருக்கின்றன. திருநாதர்குன்றில் சந்திரநந்தி நோற்ற நோன்பு எந்த நெறியைச் சேர்ந்ததோ அதே நெறி. நாயக்கர் காலத்துச் செஞ்சி ஆட்சியாளன் ஒருவன் சமணர்களைக் கொடுமைப்படுத்தியதாகவும் பலர் ஊரைவிட்டு ஓடியதாகவும் அவர்களின் மரபுக்கதை ஒன்று உண்டு. அதையும் கடந்து நிலைத்திருக்கிறார்கள்.

இவை அனைத்தையும் ஒரே நாளில் பார்க்க முடியாது. முதல் நாள் காலை ராஜகிரி, மாலையில் அடிவாரக் கட்டடங்கள். மறுநாள் விடியலில் திருநாதர்குன்று, சிங்கவரம், மேலச்சேரி. பிறகு மண்டகப்பட்டு, தளவானூர், பனமலை என்று வைத்துக்கொண்டால் இரண்டு நாட்களில் ஓரளவு நிறைவாகும். மேல்சித்தாமூரைத் திண்டிவனம் திரும்பும் வழியில் சேர்த்துக்கொள்ளலாம். குடைவரைகளுக்குப் பேருந்தை நம்பிப் போவது கடினம். செஞ்சியிலேயே ஆட்டோ பேசிக்கொள்வது நல்லது. தங்கும் வசதி எளிமையானது.  

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியரின் இராணுவ நிலக்காட்சி என்ற தலைப்பில் பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் பதினொன்று மகாராட்டிரத்தில், பன்னிரண்டாவது செஞ்சி. வரவேற்க வேண்டிய செய்தி. கோட்டைக்குப் பணமும் பாதுகாப்பும் வரும், வெளிநாட்டுப் பயணிகளும் வருவார்கள். ஆனால் அந்தத் தலைப்பு செஞ்சியின் நீண்ட வாழ்விலிருந்து ஒரு பகுதியை மட்டும் தொட்டுக்காட்டுகிறது. தொல்லியல் துறையின் பலகை நிற்கும் குன்றுகளைத் தாண்டினால், விழுப்புரம் மாவட்டத்தில் பெயரற்ற குன்றுகள் பல ஜல்லிக்கும் பலகைக்கல்லுக்கும் உடைபடுகின்றன. மண்டகப்பட்டுப் பாறை உயரத்திலும் பருமனிலும் அவற்றிலிருந்து வேறுபட்டதல்ல; மகேந்திரனின் உளி பட்டதால் பிழைத்தது. சந்திரநந்தியின் கல்வெட்டு ஒரு பாறைமேல் கிடப்பதை யாரோ ஏறிப் பார்த்ததால்தான் தெரிய வந்தது. ஏறிப் பார்க்கப்படாத குன்றுகள் இன்னும் இருக்கின்றன. அவற்றை உடைக்க உரிமம் தரும் முன்பு ஒவ்வொன்றையும் தொல்லியல் அறிந்த ஒருவர் ஏறிப் பார்த்துப் பதிவு செய்வது கட்டாயமாக்கப்பட வேண்டும். கோட்டைக்கு வரும் பணத்தில் ஒரு சிறு பங்கு அந்தப் பணிக்குப் போதும்.